கண்ணாடிக்குள் கூடை முடைகிறவள்

ஜனவரி 11

சின்னவனுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நான் நலமாக இல்லை. உன் நலத்தை அறியும் ஆவலும் இல்லை. போன் செய்யாதே, எடுக்க மாட்டேன். உன் குரலைக் கேட்டால் நான் கத்துவேன். நான் கத்தினால் தைக்கக் கொடுக்க வந்தவர்கள் துணியோடு அடுத்த தெருக் கடைக்குப் போய்விடுவார்கள். பேப்பர் என்றால் சத்தம் வராது, அதனால் எழுதுகிறேன்.

நேற்றுச் சாயங்காலம் ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு டீச்சர் செய்தித்தாளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "இதப் பாருங்களேன், உங்க அம்மா மாதிரியே இல்ல?" என்றாள். கட்டைவிரல் அளவில் ஒரு படம். நாட்டார் வாழ்வியல் அருங்காட்சியகத்தில் புதுக் கூடம் திறக்கப் போகிறார்களாம். ஒரு பெண் பலகையில் உட்கார்ந்து பிரம்பு கிழித்துக்கொண்டிருக்கிறாள். மை ஊறிப் போய் முகம் சரியாகத் தெரியவில்லை. ஆனால் பலகை தெரிந்தது. கையில் இருந்த கத்தி தெரிந்தது. தலை சாய்ந்திருக்கிற விதத்தைப் பார்த்தால் நம் வீட்டுத் தலைதான். கீழே உன் பெயர்.

நீ அந்த அருங்காட்சியகத்துக்குப் பொம்மை செய்கிறவன், சரி. கொல்லனைச் செய், குயவனைச் செய், யாரைப் பிடித்தாலும் செய். பெற்றவளை எதற்கடா செய்தாய்? யாரைக் கேட்டுச் செய்தாய்?

ஆயுசு முழுக்க அந்தக் கத்தியும் பிரம்புமாகக் கிடந்தவள் அம்மா. செத்த பிறகாவது கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்காரலாம் என்று நினைத்திருப்பாள். அதற்கும் விடாமல் மறுபடி கத்தியைக் கொடுத்து உட்கார வைத்துவிட்டாய். ஞாயிற்றுக்கிழமைகூட லீவு கிடையாது. இதில் பார்க்க வருகிறவனுக்கு டிக்கெட் வேறு!

அம்மாவை எடுத்த அன்று சாயங்காலமே பலகையையும் கத்தியையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாய். எல்லார் முன்னாலும் உன்னைத் திருடன் என்றேன். அதிகமாகப் பேசிவிட்டோமோ என்று இந்த ஒன்றரை வருஷமாக அவ்வப்போது உறுத்திக்கொண்டிருந்தது. நேற்றிலிருந்து உறுத்தவில்லை.

கூடம் திறப்பதற்குள் அவளை அங்கிருந்து இறக்கு. வேறு எதுவும் எனக்கு வேண்டாம்.

பெரியவள்


ஜனவரி 19

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்தது. நான்கு தடவை படித்தேன். பதில் எழுத உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து, இப்போதுதான் பேனா நகர்கிறது. திருடன் என்று சொன்னதில் தப்பில்லை என்று எழுதியிருக்கிறாய். சரி. அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். புதுக் கூடத்துக்கு ஏழு ஆளுயரப் பொம்மைகள் வேண்டும் என்று காப்பாட்சியர் கேட்டார். ஆறு பேரைச் சுலபமாக முடித்தேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் மூக்கு, டீக்கடையில் நின்றவர் தாடை என்று கலந்து கட்டி முகம் செய்வதுதான் வழக்கம். இங்கே ஒரு விதி உண்டு. உயிரோடு இருக்கும் யாருடைய சாயலும் பொம்மைக்கு வரக் கூடாது. எனக்கு முன்னால் இருந்தவர் வண்டிக்காரன் பொம்மைக்கு அப்போதைய மேலதிகாரியின் முகத்தை அப்படியே வைத்துவிட்டாராம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதன் முன்னால் வரிசையாக நின்று "குட்மார்னிங் சார்" என்றிருக்கிறார்கள். அன்றோடு அவருக்கு வேலை போயிற்று. அம்மா உயிரோடு இல்லை, அதனால் நான் விதியை மீறவில்லை. இதைச் சட்டம் பேசுவதாக எடுத்துக்கொள்ளாதே.

ஏழாவதுதான் கூடை முடையும் பெண். இரும்புச் சட்டம் கட்டி, களிமண்ணை அப்பிவிட்டு, முகத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. வேறு எந்த முகமும் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். கை தானாகப் போயிற்று. நெற்றி, கன்னம், கழுத்து, தோள். கண்ணைத் திறந்தபோது பலகையில் உட்கார்ந்திருந்தாள். நான் அழுதேன் அக்கா. உதவிக்கு இருந்த கார்பென்டர் பதறிப் போய் சோடா வாங்கி வந்தார்.

போட்டோவைப் பார்த்து நான் எந்தக் காலத்திலும் செய்ததில்லை, செய்யவும் மாட்டேன். போட்டோவைப் பார்த்துச் செய்கிறவனுக்குத் தட்டையாகத்தான் வரும், பக்கவாட்டில் பார்த்தால் பல்லிளிக்கும். என்னுடன் வேலை செய்கிறவர்களிடமும் இதைத்தான் சொல்வேன். அம்மா முகம் என் கைக்குத் தெரியும். அதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

உனக்கு ஒன்று மறந்துவிட்டது. அன்றைக்கு நான் வந்து சேர்ந்தபோது அம்மாவை எடுத்துவிட்டிருந்தீர்கள். வாசலில் வெறும் பெஞ்சுதான் கிடந்தது. சாயங்காலம் வரைக்கும் உன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன், நீ ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியாக ஒரு தடவை பார்க்க எனக்கு உரிமை இல்லையா? பெற்றவள் முகத்தை என் கண்ணில் காட்டாமல் அனுப்பிவிட்டாய். அதனால் நானே செய்துகொண்டேன்.

இறக்க முடியாது. மன்னித்துக்கொள்.

தம்பி


ஜனவரி 27

சின்னவனுக்கு,

கைக்குத் தெரியுமாம்! எனக்கே காது குத்துகிறாயா?

எட்டு வருஷம் அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தாள். அந்த எட்டு வருஷத்தில் நீ எத்தனை தடவை வந்தாய் என்று கணக்குக் கேட்கவில்லை. கேட்டால் ஒரு கை விரலே மிச்சமாகும். முதலில் வந்துகொண்டிருந்தாய். அப்புறம் "கூடத்து வேலை", "அச்சு காயணும்", "பெயின்ட் காயணும்". உங்கள் ஊரில் எதுதான் காயாமல் கிடந்ததோ! கடைசி நான்கு வருஷம் போன் மட்டும்தான். "அம்மா எப்படி இருக்கா?" "இருக்கா." "சரி, பாத்துக்க." பார்த்துக்கொண்டேன்.

எடுத்த அன்றைக்கு உனக்காகக் காத்திருக்கவில்லை என்கிறாய். விடிந்ததிலிருந்து காத்திருந்தோம். "பஸ் ஏறிட்டேன்" என்றாய். பிறகு "பஸ் மாறணும்" என்றாய். பிறகு போன் போகவில்லை. வந்தவர்கள் என்னிடம் வந்து வந்து கேட்டார்கள். "இன்னும் கொஞ்ச நேரம்" என்று நான்தான் அவர்கள் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். அந்த உடம்பு காத்திருக்கிற நிலையில் இல்லையடா. இதற்கு மேல் இதை விளக்க வைக்காதே.

நான் ஏன் உன்னோடு பேசவில்லை என்று உனக்குத் தெரியுமா? பேச எனக்கு மூச்சு இல்லை. அம்மாவின் கட்டில் எந்த அறையில் கிடந்தது என்றாவது ஞாபகம் இருக்கிறதா? தையல் மெஷினுக்குப் பின்னால், அந்தச் சின்ன அறையில். இடப்பக்கம் சுவர். இன்னொரு பக்கத்திலிருந்துதான் தூக்க முடியும். என் வலது தோளை அவள் அக்குளுக்குக் கீழே கொடுத்து, "பிடிச்சுக்கோ, பிடிச்சுக்கோ" என்று தூக்கி உட்கார வைக்க வேண்டும். காலையில், மத்தியானம், ராத்திரி, நடுவில் அவள் கூப்பிடும்போதெல்லாம். அன்றைக்கு உன் எதிரில் உட்கார்ந்திருந்தபோது, இனி யாரையும் தூக்க வேண்டாம் என்று தோளுக்கு இன்னும் தெரிந்திருக்கவில்லை.

இன்னொன்று. அந்தப் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அவளைக் குனிய வைத்திருக்கிறாய். அம்மா எப்போதடா குனிந்தாள்? தலையில் கூடைகளை ஆள் உயரத்துக்கு அடுக்கிக்கொண்டு, இரண்டு கையையும் வீசிக்கொண்டு சந்தைக்கு நடந்தவள். கழுத்து ஆடாது. வேலை செய்யும்போதும் கூடையைத்தான் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பாள், கூடைக்காக இவள் குனிய மாட்டாள். "நான் எதுக்குக் குனியணும், அது என்ன மகாராணியா?" என்பாள். வாய் ஓயாது, சிரிப்பு ஓயாது. அவளைப் போய் உன் கூடத்துக்கு ஏற்ற மாதிரி அடக்க ஒடுக்கமாகக் குனிய வைத்துவிட்டாய்.

இறக்கப் போகிறாயா இல்லையா? இல்லையென்றால் உன் காப்பாட்சியருக்கு நானே எழுதுவேன். இந்தப் பொம்மை செத்துப் போன எங்கள் அம்மா, குடும்பத்தில் யாரையும் கேட்கவில்லை என்று எழுதுவேன். உன் விதி என்ன சொல்கிறது என்று அவரே பார்க்கட்டும்.

பெரியவள்


பிப்ரவரி 10

அக்கா,

கூடம் திறந்தாகிவிட்டது. நீ எழுதிவிட்டாயோ என்று ஒவ்வொரு நாளும் ஆபீஸ் அறை வாசலில் தபால்காரரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எழுதவில்லை போலிருக்கிறது. நன்றி என்று சொன்னால் அதற்கும் திட்டுவாய்.

உனக்கும் அழைப்பிதழ் அனுப்பினேன். கதவருகே நின்று ஒவ்வொரு தலையாகப் பார்த்தேன். நீ வரவில்லை.

வந்தவர்கள் கொல்லனைப் பார்த்தார்கள், குயவனைப் பார்த்தார்கள், தறியைப் பார்த்தார்கள், போய்க்கொண்டே இருந்தார்கள். அம்மாவிடம் வந்ததும் நின்றார்கள். பொய் சொல்லவில்லை. ஒரு பெண் கண்ணாடியில் கை வைத்து அப்படியே நின்றுவிட்டாள். "பேச்சு வரும் போல இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். காப்பாட்சியர் என் தோளில் தட்டி, "மத்த ஆறும் பொம்மை, இது ஆளு" என்றார். இருபது வருஷமாக இந்த வேலை செய்கிறேன். இப்படி ஒரு வார்த்தையை ஒருத்தரும் எனக்குச் சொன்னதில்லை. அதை வீட்டில் யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்வதற்கு நீதான் இருக்கிறாய், நீயோ போனை எடுக்க மாட்டாய்.

குனிந்திருக்கிறாள் என்று குறை சொல்கிறாய். குனியாமல் யாராவது பிரம்பு கிழிப்பார்களா? உன் மேல் எனக்குக் கோபம் வருகிறது அக்கா, சொல்லிவிடுகிறேன். எட்டு வருஷம் பார்த்துக்கொண்டாய், உண்மை. ஊரே சொல்கிறது, நானும் சொல்கிறேன். அதற்காக அம்மாவை உன் பேருக்கு எழுதி வாங்கிக்கொண்டாயா? கட்டிலில் கிடந்த அம்மாவைத்தான் உனக்கு ஞாபகம். உட்கார்ந்து வேலை செய்த அம்மாவை எனக்கு ஞாபகம் இருக்கிறது. நோயும் மருந்துமாகப் பார்த்துப் பார்த்து உனக்குப் பழைய முகம் மறந்துவிட்டது. எனக்கு மறக்கவில்லை, ஏனென்றால் நான் அங்கே இல்லை. தூரத்தில் இருந்தவனுக்கு அந்த ஒரு லாபமாவது இருக்கட்டுமே.

எழுதியதை அடிக்கலாமா என்று பார்த்தேன். அடிக்கவில்லை.

கட்டைவிரல் அளவுப் படத்தை வைத்துக்கொண்டு சண்டை போடாதே. வந்து பார். பார்த்துவிட்டுச் சொல், அது அம்மா இல்லையென்று உன் வாயால் சொல், அப்புறம் பார்க்கலாம்.

தம்பி


பிப்ரவரி 22

சின்னவனுக்கு,

வந்தேன். பார்த்தேன். உன்னிடம் சொல்லவில்லை. வியாழக்கிழமை மெஷினுக்கு உறை போட்டு மூடிவிட்டு, "ரெண்டு நாள் ஆகும்" என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். அம்மா படுத்ததிலிருந்து இப்போதுதான் ஊர் தாண்டிப் போகிறேன். ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. அதிலேயே பாதிக் கோபம் போய்விட்டது, கவலைப்படாதே, திரும்பி வரும்போது வட்டியும் முதலுமாக வந்துவிட்டது.

உங்கள் கட்டடம் நன்றாக இருக்கிறது. தரையைத் துடைத்துத் துடைத்து வழுக்க வைத்திருக்கிறார்கள். டிக்கெட் கிழிக்கிற பெண் என் பையைத் தடவிப் பார்த்துவிட்டு, "கத்திரிக்கோலை இங்கேயே வச்சுட்டுப் போங்க" என்றாள். உள்ளே உன் கொல்லனைப் பார்த்தேன். டீக்கடைக்காரன் முகம்தான், சுத்தியலை எடுத்துவிட்டு கிளாஸைக் கொடுத்தால் இன்னும் பொருத்தமாக இருக்கும். குயவன் பரவாயில்லை. ஆள் கிட்டே போனால் விளக்கு எரிகிறது, நகர்ந்தால் அணைகிறது. நல்ல சிக்கனம்.

கடைசிக் கண்ணாடி அவளுடையது. நான் போய் நின்றதும் விளக்கு எரிந்தது.

முதலில் கத்தியைத்தான் பார்த்தேன். பிடியில் நான் சுற்றிக் கொடுத்த துணி அப்படியே இருந்தது. பிறகு முகத்தைப் பார்த்தேன். உன்னைத் திட்டுவதற்கு வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு வந்திருந்தேன். ஒன்றுகூட வரவில்லை. ஏதோ சரியில்லை, என்ன என்று தெரியவில்லை. தெரிந்த முகம்தான், ஆனால் "அம்மா" என்று கூப்பிட வாய் வரவில்லை.

மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த காவலாளி எழுந்து வந்தார். என்னைப் பார்த்தார், கண்ணாடிக்குள் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, இதுக்கு நீங்கதான் உக்காந்தீங்களா?"

"எதுக்கு?"

"மாடலா. அச்சு அசல் நீங்கதான். அந்த உதட்டைக் கடிச்சுக்கிறதுகூட."

"அது எங்க அம்மா" என்றேன்.

"அப்படியா!" என்று தலையை ஆட்டினார். நம்பவில்லை. போய் உட்கார்ந்துகொண்டு அங்கிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன் என்பதே அவர் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அம்மா உதட்டைக் கடித்து நீ பார்த்திருக்கிறாயா? அவளுக்கு வாயை மூடவே தெரியாதே! முன்பல் ஒன்று பாதி உடைந்து, அதைக் காட்டிக்கொண்டு எப்போது பார்த்தாலும் சிரிப்பு. நீ செய்து வைத்திருப்பவளைப் பார். எதையோ சொல்லாமல் அடக்கி வைத்திருக்கிற வாய். அது யார் வாய்?

அப்புறம் சட்டையைப் பார்த்தேன். நான் தையல்காரி, அதைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும். உங்கள் ஆட்கள் கடையில் வாங்கிப் போட்டிருக்கிறார்கள் போல. வலது தோளில் குறுக்காக ஒரு மடிப்பு விழுந்திருக்கிறது. எந்த ரெடிமேட் சட்டையைப் போட்டாலும் எனக்கு அதே இடத்தில், அதே மாதிரி விழும். என் வலது தோள் இறங்கிவிட்டது, சின்னவனே. தூக்கித் தூக்கி இறங்கிவிட்டது. எனக்குத் தைத்துக்கொள்ளும்போது அந்தப் பக்கம் அரை அங்குலம் இறக்கித்தான் வெட்டுவேன். அம்மாவுக்குத் தோள் இரண்டும் விட்டம் போட்ட மாதிரி நேராக இருக்கும். இறங்கிய தோள் அவளுடையது இல்லை. முன்னால் நீண்ட கழுத்தும் அவளுடையது இல்லை, அது மெஷின் கழுத்து.

அன்றைக்கு என் எதிரில் உட்கார்ந்திருந்தாயே, சாயங்காலம் வரைக்கும், பேசாமல். அப்போது பார்த்த முகத்தைத்தான் உன் கை எடுத்து வைத்திருக்கிறது.

அது அம்மா இல்லை. என் வாயால் சொல்லச் சொன்னாயே, சொல்லிவிட்டேன்.

நம்ப மாட்டாய் என்று தெரியும். இதோடு ஒரு சட்டை வைத்திருக்கிறேன். என் அளவுக்குத் தைத்தது, வந்த அன்றைக்கே தைத்தேன். கண்ணாடியைத் திறந்து அவளுக்குப் போட்டுப் பார். தோளில் மடிப்பு விழுந்தால் நான் சொன்னதெல்லாம் வயிற்றெரிச்சல் என்று வைத்துக்கொள்.

பெரியவள்


மார்ச் 3

அக்கா,

மடிப்பு விழவில்லை.

திங்கட்கிழமை எங்களுக்கு விடுமுறை. காவலாளியிடம் தூசி தட்ட வேண்டும் என்று சொல்லிச் சாவி வாங்கினேன். கண்ணாடியைத் திறந்து, பழைய சட்டையைக் கழற்றிவிட்டு உன் சட்டையைப் போட்டேன். நீ சொன்னது தப்பாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் போட்டேன். தோளில் கையால் தடவிப் பார்த்தேன், ஒரு சுருக்கம் இல்லை. கழுத்துப் பட்டி சரியாக உட்கார்ந்தது. கை முழங்கைக்குக் கீழே எங்கே முடிய வேண்டுமோ அங்கே முடிந்தது. காவலாளி பின்னால் வந்து நின்று, "நான்தான் அந்தம்மாகிட்ட அன்னைக்கே சொன்னேனே சார்" என்றார். அவர்மேல் எரிந்து விழுந்தேன்.

அதன் பிறகு பட்டறைக்குப் போய்க் களிமண் எடுத்தேன். தலை மட்டும் செய்து பார்க்கலாம் என்று. கண்ணை மூடிக்கொண்டேன். கை போயிற்று. கண்ணைத் திறந்தால் நீ. அடித்து உருட்டிவிட்டு மறுபடி செய்தேன், மறுபடி நீ. சிரிக்கிற வாயாக வைத்துப் பார்த்தேன், நீ சிரிப்பது மாதிரிதான் வந்தது. நீ அப்படிச் சிரித்து நான் எப்போது பார்த்தேன் என்று நினைத்துப் பார்த்தேன், அதுவும் தெரியவில்லை.

அம்மா முகம் எனக்கு வரவில்லை அக்கா. எங்கே போயிற்று என்று தெரியவில்லை. உடைந்த பல் என்று எழுதியிருந்தாய். எந்தப் பக்கத்துப் பல்? நான் யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். குரல் வருகிறது. "சின்னவனே" என்று கூப்பிடுகிறாள், திரும்பிப் பார்த்தால் அந்த இடத்தில் நீதான் நிற்கிறாய். இத்தனை வருஷமாக என்னிடம் இருக்கிறது, இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். எப்போது வேண்டுமானாலும் போய் எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் ஊருக்கு வரவே தோன்றவில்லையோ என்னவோ.

இந்த மாசம் முடிவதற்குள் இறக்கிவிடுகிறேன். காப்பாட்சியரிடம் நானே சொல்கிறேன். உயிரோடு இருக்கிறவளின் சாயல், என் தப்பு என்று சொல்கிறேன். வேலை போனால் போகட்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். சந்தைக்குப் போகும்போது யாரோ எடுத்த அம்மா போட்டோ ஒன்று வீட்டில் இருந்ததே, கூடைகளோடு. அதை அனுப்பு. திருப்பித் தந்துவிடுகிறேன். அனுப்ப மனமில்லை என்றால் நானே வந்து ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறேன். வாசலில் நின்று பார்த்தால்கூடப் போதும்.

உன் தம்பி


மார்ச் 14

சின்னவனுக்கு,

இறக்காதே.

அம்மாவை இறக்கு என்றுதான் சொன்னேன். அம்மா அங்கே ஏறவே இல்லையே, யாரை இறக்கப் போகிறாய்? அவள் தப்பித்தாள். எங்கே இருக்கிறாளோ, கையைக் கட்டிக்கொண்டு யாரிடமாவது வாயடித்துக்கொண்டு இருப்பாள். அந்த மட்டும் எனக்கு நிம்மதி.

அங்கே உட்கார்ந்திருப்பது நான். நானென்றால் இருந்துவிட்டுப் போகிறேன். எனக்கு அது புதிதா? உட்கார்ந்த இடத்திலேயே எட்டு வருஷம் இருந்தவள். இங்கே யாரும் வந்து பார்த்ததில்லை, அங்கேயாவது ஆள் வந்து நின்றால் விளக்கு எரிகிறது. எனக்குக் கூடை முடையத் தெரியாது என்பது மட்டும்தான் குறை. வருகிறவர்களில் யாருக்குத் தெரியப் போகிறது!

காப்பாட்சியரிடம் ஒன்றும் உளறி வைக்காதே. வேலையை விட்டுவிட்டு வந்து என் வாசலில் நிற்கலாம் என்று பார்க்கிறாயா? உன்னையும் தூக்கி உட்கார வைக்க எனக்குத் தோள் இல்லை. உயிரோடு இருக்கிறவள் சாயல் என்று யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். கூடப் பிறந்தவனுக்கே இருபது வருஷ அனுபவத்தில் தெரியவில்லை, மற்றவர்களுக்கா தெரியப் போகிறது? அந்தக் காவலாளியிடம் மட்டும் கொஞ்சம் மரியாதையாக நடந்துகொள். அவர்மேல் எதற்கு எரிந்து விழுகிறாய்? அந்தக் கூடத்தில் என்னைப் பார்த்தவர் அவர் ஒருத்தர்தான்.

சட்டையைத் திருப்பி அனுப்பாதே. அவளே போட்டுக்கொள்ளட்டும். தோளில் மடிப்போடு நான் நாலு பேர் முன்னால் உட்கார்ந்திருந்தால் என் தொழிலைப் பற்றி என்ன நினைப்பார்கள்?

நீ வர வேண்டாம். வந்தால் மறுபடியும் என் எதிரில் உட்காருவாய், என்னைத்தான் பார்ப்பாய். திரும்பிப் போய் இன்னொரு பொம்மை செய்வாய்.

போட்டோ இருக்கிறது. மெஷினுக்கு மேலே, ஆணியில். தலையில் கூடைகள், கழுத்து நேராக, வாயெல்லாம் சிரிப்பு. உடைந்த பல் எந்தப் பக்கம் என்று நன்றாகவே தெரிகிறது. நேற்று ராத்திரி அதைக் கழற்றி இந்த உறைக்குள் வைத்து ஒட்டிவிட்டேன். காலையில் எழுந்ததும் சுவரைப் பார்த்தேன். வெறும் ஆணி. உறையைப் பிரித்து, போட்டோவை எடுத்து மறுபடி மாட்டிவிட்டேன். ஓரம் கிழிந்திருக்கிறது, யாரோ பிரித்திருக்கிறார்கள் என்று தபால்காரரோடு சண்டைக்குப் போகாதே. பிரித்தது நான்தான்.

உனக்கு எதற்கு அது? நீதான் போட்டோவைப் பார்த்துச் செய்ய மாட்டாயே. அம்மா முகம் கைக்குத் தெரியும் என்று எழுதினாய். கையைக் கேள்.

பெரியவள்